பிளெண்டட் ஸ்காட்ச்: கலப்பா, கலப்படமா?

2025 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது, செய்திகளில் அதிகம் அடிபட்ட பொருள்களில் ஒன்று ஸ்காட்ச் விஸ்கி. அப்போது 150 சதவீதமாக இருந்த இறக்குமதி வரி முதலில் 75 ஆகக் குறையும், பத்தாண்டுகளில் 40-க்கு இறங்கும் என்பது ஒப்பந்தத்தின் சாரம். இந்தச் செய்தியோடு ஒரு பழைய குழப்பமும் கிளம்பியது. வரி குறைவது எந்த ஸ்காட்சுக்கு? ஒரே ஆலையில் முளைகட்டிய பார்லியிலிருந்து வடிக்கும் சிங்கிள் மால்ட்தான் அசல், பிளெண்டட் என்பது விலையைக் குறைக்க எதையோ ஊற்றிக் கலந்தது என்று பலரும் நம்புகிறார்கள். தமிழில் கலப்புக்கும் கலப்படத்துக்கும் இடையே அதிக தூரமில்லை என்பதால், 'பிளெண்டட்' என்றதுமே மனம் கலப்படம் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

அந்த நம்பிக்கை தவறு. அது எவ்வளவு தவறு என்பது ஸ்காட்லாந்தின் விஸ்கித் தொழில் எப்படி ஓடுகிறது என்று பார்த்தால்தான் புரியும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தத் தொழிலைத் தாங்கி நிற்பது பிளெண்டட்தான். இன்று நாம் பெயர் சொல்லி வியக்கும் சிங்கிள் மால்ட் ஆலைகளில் பெரும்பாலானவை பிளெண்டட் கம்பெனிகளுக்குச் சரக்கு கொடுப்பதை நம்பியே வளர்ந்தவை. அவற்றில் பல இன்றும் அந்த வேலையால்தான் மூடப்படாமல் இருக்கின்றன.

முதலில், இரண்டு விதமான விஸ்கி

ஸ்காட்லாந்தில் வடிக்கப்படும் விஸ்கி அடிப்படையில் இரண்டு வகை.

1. மால்ட் விஸ்கி. முளைகட்டிய பார்லி மட்டுமே மூலப்பொருள். பார்லியை நனைத்து முளைக்க விட்டு, உலர்த்தி, அரைத்து, வெந்நீரில் கரைத்து, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைக்கிறார்கள். இந்த ஊறலைச் செம்புப் பானை வடிகலனில் ஊற்றிப் பெரும்பாலும் இரண்டு முறை வடிப்பார்கள். ஒரு தடவை ஊற்றிய ஊறல் வடிந்து முடிந்த பிறகே அடுத்ததை ஊற்ற முடியும். வேலை மெதுவாக நடக்கும், செலவும் கூடுதல். ஆனால் வடிந்து வருவதில் பார்லியின் வாசம், பழ வாசம், எண்ணெய்ப் பிசுக்கு, பீட் என்ற சதுப்பு நிலக் கரியின் புகை காட்டி உலர்த்தியிருந்தால் புகை மணம் என எல்லாம் தங்கியிருக்கும். வடித்தவுடன் ஆல்கஹால் ஏறத்தாழ 70 சதவீதம் இருக்கும்.

2. தானிய விஸ்கி. கோதுமை அல்லது மக்காச்சோளத்தோடு கொஞ்சம் முளைகட்டிய பார்லி சேர்த்து ஊறல் போடுவார்கள். இதை வடிப்பது உயரமான தூண் வடிகலன். ஒரு பக்கம் ஊறல் போய்க்கொண்டே இருக்கும், மறுபக்கம் சாராயம் வந்துகொண்டே இருக்கும், நடுவில் நிறுத்த வேண்டியதில்லை. ஆல்கஹால் 94 சதவீதத்தை ஒட்டி வரும். சட்டப்படி 94.8-க்குக் கீழே இருந்தாக வேண்டும், ஏனென்றால் அதற்கு மேல் போனால் தானியத்தின் ருசி ஏதும் மிஞ்சாது. இந்த விஸ்கி மென்மையானது, லேசான இனிப்புள்ளது, மலிவானதும்கூட.

இந்த இரண்டையும் கலந்தால் கிடைப்பது பிளெண்டட் ஸ்காட்ச். இரண்டுமே ஸ்காட்லாந்தில் வடித்தவை, இரண்டுமே அங்கேயே ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டுகள் கிடந்தவை. வெறும் ஸ்பிரிட்டில் நிறமும் எசன்ஸும் சேர்த்துச் செய்வதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஸ்காட்ச் என்று பெயர் போட்டால் தண்ணீரையும் நிறத்துக்கான கேரமலையும் தவிர வேறு எதையும் சேர்க்கக் கூடாது.

சட்டம் சொல்லும் ஐந்து வகைகள்

2009-ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி விதிகள் பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க ஐந்து வகைகளை வரையறுத்தன.

1. சிங்கிள் மால்ட்: ஒரே ஆலையின் மால்ட் விஸ்கி.
2. சிங்கிள் கிரெய்ன்: ஒரே ஆலையின் தானிய விஸ்கி.
3. பிளெண்டட் மால்ட்: ஒன்றுக்கு மேற்பட்ட ஆலைகளின் மால்ட்கள் மட்டும் சேர்ந்தது. தானிய விஸ்கி இதில் இருக்காது. ஜானி வாக்கர் கிரீன் லேபிள், மங்கி ஷோல்டர் இந்த வகை.
4. பிளெண்டட் கிரெய்ன்: பல ஆலைகளின் தானிய விஸ்கிகள். கடையில் அரிதாகவே கிடைக்கும்.
5. பிளெண்டட் ஸ்காட்ச்: மால்ட்டும் தானிய விஸ்கியும் சேர்ந்தது. ஜானி வாக்கர் ரெட், பிளாக், ஷிவாஸ் ரீகல், பேலன்டைன்ஸ், டூவர்ஸ், டீச்சர்ஸ், பெல்ஸ் எல்லாம் இதற்குள் வரும்.

'சிங்கிள்' என்பதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது ஒரே பீப்பாயையோ ஒரே ஆண்டுச் சரக்கையோ குறிப்பதில்லை, ஒரே ஆலையை மட்டுமே குறிக்கிறது. 12 ஆண்டு சிங்கிள் மால்ட் பாட்டிலிலும் நூற்றுக்கணக்கான பீப்பாய்களின் சரக்கு கலந்துதான் இருக்கும். கலப்பது குற்றம் என்றால் அந்தக் குற்றத்தைச் சிங்கிள் மால்ட்டும் செய்கிறது. பாட்டிலில் போட்டிருக்கும் வயது, உள்ளே இருப்பவற்றில் மிக இளையதன் வயது. பிளெண்டட்டுக்கும் இதே கணக்குதான், 12 என்று போட்டிருந்தால் அதிலுள்ள தானிய விஸ்கிக்கும் 12 வயதாவது ஆகியிருக்க வேண்டும்.

மளிகைக் கடையில் பிறந்த யோசனை

தூண் வடிகலன் 1820-களின் பிற்பாதியில் ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் ஸ்டெயினின் முயற்சியில் தொடங்கி, அயர்லாந்தில் ஆயத்தீர்வை அதிகாரியாக இருந்த ஈனியஸ் காஃபி 1830-ல் காப்புரிமை பெற்ற வடிவத்தில் நிலைத்தது. அந்தக் காலத்தில் விஸ்கி என்றாலே அயர்லாந்துதான். அங்கிருந்த பெரிய ஆலைக்காரர்கள் காஃபியின் கருவியை விரும்பவில்லை, பானையில் வடிப்பதுதான் விஸ்கி என்று உறுதியாக இருந்துவிட்டார்கள். ஸ்காட்லாந்தின் தாழ்நிலப் பகுதி ஆலைகள் அதை ஏற்றுக்கொண்டன. இப்படி மலிவான தானிய விஸ்கி ஏராளமாகக் கிடைத்தது, ஆனால் ருசி போதவில்லை. மலைநாட்டு மால்ட்டிலோ ருசி முரட்டுத்தனமாக இருந்தது, ஒவ்வொரு பீப்பாயும் ஒவ்வொரு மாதிரி.

இந்த இரண்டையும் ஒட்டவைத்தவர்களில் பெரும்பாலோர் மளிகைக்காரர்களும் மது வியாபாரிகளும். கில்மார்னக்கில் ஜான் வாக்கர் 1820-ல் மளிகைக் கடை வைத்தார். அபர்டீனில் ஷிவாஸ் சகோதரர்கள், எடின்பரோவில் ஜார்ஜ் பேலன்டைன், பெர்த்தில் மேத்யூ குளோக், ஜான் டூவர், ஆர்தர் பெல் என எல்லோரும் மளிகையோ மதுவோ விற்றவர்கள். இதில் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் கடைகளில் பல தேயிலையும் விற்றன. தேயிலை ஒவ்வொரு தோட்டத்துக்கும் பருவத்துக்கும் ருசி மாறும், ஆனால் வாடிக்கையாளர் போன மாதம் வாங்கிய அதே ருசியைக் கேட்பார். எனவே பல தோட்டத்துத் தூளைக் கலந்து ஒரே ருசிக்குக் கொண்டுவரும் கை அவர்களுக்கு ஏற்கெனவே பழகியிருந்தது. அதே கையை விஸ்கிப் பீப்பாய் மேல் வைத்தார்கள். நம் டீக்கடையில் கொதிக்கும் தூளும் பல தோட்டத்துக் கலவைதான், அதை யாரும் கலப்படம் என்று சொல்வதில்லை.

யோசனை இருந்தது, சட்டம்தான் குறுக்கே நின்றது. பீப்பாய்க்கு வரி கட்டி வெளியே எடுத்த பிறகுதான் கலக்க முடியும் என்ற நிலையில் கலப்பது கட்டுப்படியாகாது. 1853-ல் வரி கட்டுவதற்கு முன்பே, கிடங்கிலேயே, ஒரே ஆலையின் வெவ்வேறு வயது மால்ட்களைக் கலக்க அனுமதி வந்தது. எடின்பரோ வியாபாரி ஆண்ட்ரூ அஷரின் 'ஓல்ட் வேட்டட் கிளென்லிவெட்' அப்போது வந்த முன்னோடிச் சரக்கு. 1860-ல் கிளாட்ஸ்டன் நிதியமைச்சராக இருந்தபோது வந்த சட்டம் மால்ட்டையும் தானிய விஸ்கியையும் கிடங்கிலேயே கலக்க வழி திறந்தது. இன்றைய பிளெண்டட் ஸ்காட்சின் பிறந்த தேதி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அதைத்தான் சொல்லலாம்.

அப்புறம் ஒரு பூச்சி கைகொடுத்தது. 1860-களிலிருந்து பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை ஃபைலாக்ஸெரா என்ற பூச்சி வேரோடு அரித்தது. ஒயினுக்கும் பிராந்திக்கும் தட்டுப்பாடு வந்தது. இங்கிலாந்தின் வசதியானவர்கள் சோடா கலந்து குடித்துவந்த பிராந்திக்கு மாற்றாக எது வரும் என்றபோது, முரட்டு மால்ட்டைவிட மென்மையான, எப்போது வாங்கினாலும் ஒரே மாதிரி இருக்கும் பிளெண்டட் அந்த இடத்தில் போய் உட்கார்ந்தது. ஸ்காட்ச் உலகச் சரக்கானது இந்த வழியில்தான்.

"இது விஸ்கியே இல்லை": நீதிமன்றம் ஏறிய சண்டை

பிளெண்டட் கலப்படமா என்ற கேள்வி நமக்குத் தோன்றிய புதுக்கேள்வி அல்ல. லண்டனின் இஸ்லிங்டன் நகராட்சி 1905-ல் இரண்டு மதுக்கடைக்காரர்கள் மேல் வழக்குப் போட்டது. பெரும்பகுதி தானிய விஸ்கியாக இருந்ததை விஸ்கி என்று விற்றது உணவுக் கலப்படத் தடைச் சட்டப்படி குற்றம் என்பது வாதம். 1906-ல் நீதிபதி கடைக்காரர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தார். தூண் வடிகலனில் வந்தது விஸ்கி இல்லை என்றார்.

பிளெண்டட் வியாபாரம் முழுவதும் ஆட்டம் கண்டது. மேல்முறையீட்டில் முடிவு எட்டவில்லை, அரசு 1908-ல் ஓர் ஆணையம் அமைத்தது. சாட்சிகளை விசாரித்து 1909-ல் ஆணையம் சொன்ன முடிவு: பானையில் வடித்தாலும் தூணில் வடித்தாலும் இரண்டும் விஸ்கிதான். இந்த முடிவு மாறியிருந்தால் ஸ்காட்ச் இன்று மலைநாட்டின் சில ஊர்களில் மட்டும் கிடைக்கும் உள்ளூர்ப் பானமாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

தரத்துக்கான கட்டாயம் சில ஆண்டுகள் கழித்தே வந்தது. முதல் உலகப் போரின்போது, 1915-ல், குறைந்தது இரண்டு ஆண்டு பீப்பாயில் வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அடுத்த ஆண்டே அது மூன்றானது. அந்த மூன்றாண்டு விதிதான் இன்றுவரை தொடர்கிறது.

ஆலைகள் யாருக்காக ஓடுகின்றன?

இந்த விஷயத்தின் மையம் இதுதான், இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

மால்ட் ஆலை ஒன்றை நடத்துபவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். இன்று பார்லி வாங்கி, எரிபொருள் செலவழித்து, கூலி கொடுத்து வடிக்கிறார். விற்க மூன்று ஆண்டாவது காத்திருக்க வேண்டும், நல்ல விலை வேண்டுமென்றால் பத்துப் பன்னிரண்டு ஆண்டு. அதுவரை பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் காற்றில் போய்விடும். 'தேவதைகளின் பங்கு' என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள், ஆனால் அது நஷ்டம்தான். இவ்வளவு காலம் கைக்காசைப் போட்டுத் தாங்க ஒரு சிறிய ஆலையால் முடியாது.

பிளெண்டட் கம்பெனி இந்தச் சுமையை வாங்கிக்கொண்டது. வடித்த உடனேயே, பீப்பாயில் நிரப்பும்போதே, காசு கொடுத்து வாங்கிவிடும். ஆலைக்குக் கையில் பணம் கிடைக்கும், கம்பெனிக்கு எதிர்காலச் சரக்கு கிடைக்கும். 1890-களில் ஸ்பேசைடு பகுதியில் ஆலைகள் வரிசையாக எழுந்தது இந்த நம்பிக்கையில்தான். மால்ட்டைத் தன் பெயரில் பாட்டிலில் அடைத்து உலகெங்கும் விற்கும் எண்ணம் அவற்றைக் கட்டியவர்களில் பெரும்பாலோருக்கு இல்லை. ஸ்ட்ராத்ஐலாவை ஷிவாஸ் ரீகலுக்காகவும், அபர்ஃபெல்டியை டூவர்ஸுக்காகவும், கார்டூவையும் கூல்ஈலாவையும் ஜானி வாக்கருக்காகவும் அறிந்தவர்கள் உண்டு. அபர்ஃபெல்டியை 1890-களில் கட்டியதே டூவர் குடும்பம்தான்.

இதில் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது, வெளியே அதிகம் தெரியாதது. ஒரு பிளெண்டட்டில் பதினைந்து, இருபது, சிலவற்றில் அதற்கும் மேற்பட்ட ஆலைகளின் மால்ட் வேண்டும். எந்தக் கம்பெனியிடமும் அத்தனை விதமான ருசியும் சொந்தமாக இருக்காது. அதனால் போட்டிக் கம்பெனிகளே தங்களுக்குள் பீப்பாய்களை மாற்றிக்கொள்கின்றன. பெரும்பாலும் காசு கைமாறாது, இத்தனை லிட்டருக்கு இத்தனை லிட்டர் என்று பண்டமாற்று. கடை அலமாரியில் மோதிக்கொள்ளும் இரண்டு பிராண்டுகள் கிடங்கில் ஒன்றுக்கொன்று சரக்கு கொடுத்துக்கொண்டிருக்கும்.

அப்படிக் கொடுக்கும்போது ஒரு பயம் எழும். நான் கலப்பதற்காகக் கொடுத்த மால்ட்டை வாங்கியவர் என் ஆலையின் பெயரிலேயே சிங்கிள் மால்ட்டாக விற்றுவிட்டால்? அதற்கு ஒரு எளிய வழி கண்டார்கள். பீப்பாயில் வேறோர் ஆலையின் மால்ட்டை மிகச் சிறிதளவு ஊற்றிவிடுவார்கள். ருசி மாறாது, ஆனால் சட்டப்படி அது இனிமேல் சிங்கிள் மால்ட் இல்லை, பிளெண்டட் மால்ட். தொழிலில் இதற்குப் பெயர் 'டீஸ்பூன்' போடுவது. கிளென்ஃபிடிக் இப்படி வெளியே போகும்போது வார்ட்ஹெட் என்றும், பால்வெனி பர்ன்சைடு என்றும் பெயர் மாறும்.

தானிய விஸ்கிப் பக்கம் பார்த்தால் ஆலைகள் மிகக் குறைவு, அளவோ மலைக்க வைக்கும். ஃபைஃப் பகுதியின் கேமரன்பிரிட்ஜ், எடின்பரோவின் நார்த் பிரிட்டிஷ், தென்மேற்குக் கரையில் கிர்வன், வடக்கே இன்வர்கார்டன், கிளாஸ்கோவில் ஸ்ட்ராத்கிளைடு என விரல்விட்டு எண்ணிவிடலாம். கேமரன்பிரிட்ஜ் ஒன்றே ஆண்டுக்குப் பத்துக் கோடி லிட்டருக்கு மேல் ஆல்கஹால் வடிக்கும் திறன் கொண்டது. ஸ்காட்லாந்தில் சுமார் 150 ஆலைகள் இருந்தாலும் தானிய விஸ்கி இந்தச் சில கைகளில்தான். அதனால் தானியத்தை வைத்திருப்பவர் கையில்தான் தொழிலின் குடுமி என்ற நிலை ஆரம்பத்திலேயே வந்தது. 1877-ல் தாழ்நிலத் தானிய ஆலைகள் ஆறு சேர்ந்து டிஸ்டில்லர்ஸ் கம்பெனி என்ற கூட்டு நிறுவனமாயின. அதன் பிடியிலிருந்து தப்பிக்கவே ஆண்ட்ரூ அஷர் உள்ளிட்ட பிளெண்டர்கள் 1885-ல் நார்த் பிரிட்டிஷ் ஆலையைத் தாங்களே தொடங்கினார்கள். அந்தப் பெரிய நிறுவனம் பல கைமாறி இன்று டியாஜியோ என்ற பன்னாட்டு மது நிறுவனத்துக்குள் இருக்கிறது.

பிளெண்டட் சறுக்கினால் என்ன ஆகும்?

சறுக்கியதற்கு இரண்டு உதாரணங்களைப் பார்க்கலாம். இரண்டு தடவையும் அடி விழுந்தது மால்ட் ஆலைகள் மேல்.

1. 1898. லீத் துறைமுகத்தைச் சேர்ந்த ராபர்ட், வால்டர் என்ற பேட்டிசன் சகோதரர்கள் பிளெண்டட் வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்தார்கள். தங்கள் விஸ்கிப் பெயரைச் சொல்லக் கிளிகளைப் பழக்கிக் கடைகளுக்கு அனுப்பினார்கள் என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது. கடன்மேல் கடன் வாங்கிப் பீப்பாய்களை வாங்கிக் குவித்தார்கள், கணக்கை ஊதிக் காட்டினார்கள், மலிவான தானிய விஸ்கியில் கொஞ்சம் நல்ல மால்ட்டைத் தெளித்து உயர்ந்த கிளென்லிவெட் என்று விற்றார்கள். இது உண்மையான மோசடி. கம்பெனி விழுந்தது, சகோதரர்கள் 1901-ல் சிறைக்குப் போனார்கள். அவர்களை நம்பி விரிந்த ஆலைகள் வரிசையாகத் தள்ளாடின. 1898-ல் தொடங்கிய பென்ரியக் ஆலை 1900-ல் மூடப்பட்டு 1965 வரை வடிக்கவில்லை.

2. 1980-கள். எழுபதுகளில் விற்பனை வளர்ந்துகொண்டே போகும் என்று கணக்குப் போட்டு வடித்துத் தள்ளினார்கள். எண்ணெய் நெருக்கடி, பொருளாதார மந்தம், வோட்கா பக்கம் திரும்பிய இளையவர்கள் என எல்லாம் ஒன்றாக வந்தன. கிடங்குகளில் விற்காத சரக்கு ஏரிபோலத் தேங்கியது, 'விஸ்கி ஏரி' என்றே அதற்குப் பெயர் வந்தது. டிஸ்டில்லர்ஸ் கம்பெனி 1983-ல் பத்துக்கும் மேற்பட்ட ஆலைகளை மூடியது. ஐலா தீவின் போர்ட் எல்லன், வடக்கே பிரோரா இரண்டும் அப்போது போனவை. அவற்றின் மால்ட் மோசமாக இருந்ததால் மூடவில்லை, பிளெண்டட்டுக்கு அப்போது தேவைப்படவில்லை என்பதால் மூடினார்கள். பிரோரா 2021-லும் போர்ட் எல்லன் 2024-லும் மீண்டும் திறந்தன. மூடிய காலத்தில் மிச்சமிருந்த பீப்பாய்களின் விலை எங்கோ போய்விட்டது.

சிங்கிள் மால்ட் வளர்ந்த கதைக்கும் இங்கே வேர் இருக்கிறது. பேட்டிசன் விழுந்தபோது முக்கிய வாடிக்கையாளரை இழந்த வில்லியம் கிரான்ட் கம்பெனி, தன் மால்ட்டை விற்கத் தானே பிளெண்டட் செய்ய இறங்கியது. 1963-ல் அதே கம்பெனி இரண்டு காரியம் செய்தது. தானிய விஸ்கிக்குப் பிறர் கையை எதிர்பார்க்காதிருக்க கிர்வனில் சொந்த ஆலை கட்டியது, கூடவே கிளென்ஃபிடிக்கைச் சிங்கிள் மால்ட்டாக ஸ்காட்லாந்துக்கு வெளியே விளம்பரப்படுத்தி விற்கத் தொடங்கியது. எண்பதுகளில் தேங்கிய சரக்கை என்ன செய்வது என்று விழித்த மற்ற ஆலைகளுக்கும் அது வழிகாட்டியது. பிளெண்டட்டின் நெருக்கடியிலிருந்துதான் சிங்கிள் மால்ட் மோகத்துக்குச் சரக்கு கிடைத்தது.

பிளெண்டரின் மூக்கு

சரி, கலப்பதில் என்ன பெரிய வித்தை? ஒவ்வொரு ஆண்டும் கையில் இருக்கும் பீப்பாய்கள் வேறு, பாட்டிலில் வர வேண்டிய ருசி ஒன்றே. ஓர் ஆலை மூடலாம், ஷெர்ரி என்ற ஸ்பெயின் ஒயின் வைத்திருந்த பீப்பாய் கிடைக்காமல் போகலாம், ஒரு மால்ட் எதிர்பார்த்ததைவிட வேகமாக முதிரலாம். ஆனாலும் சென்னை விமான நிலையத்தில் வாங்கும் பிளாக் லேபிளும் சாவ் பாவ்லோவில் வாங்குவதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஜானி வாக்கர் ஆண்டுக்கு இரண்டு கோடிப் பெட்டிகளுக்கு மேல் விற்கிறது, அந்த அளவில் இதைச் செய்ய வேண்டும்.

பிளெண்டர் குடித்துப் பார்ப்பதைவிட முகர்ந்து பார்ப்பதே அதிகம். தண்ணீர் சேர்த்து ஆல்கஹாலை 20 சதவீதத்துக்குக் கொண்டுவந்து முகர்வது வழக்கம், இல்லாவிட்டால் காரம் மற்ற மணங்களை மறைத்துவிடும். தானிய விஸ்கி வெறும் இடத்தை நிரப்புவதற்கு என்பதும் தவறான எண்ணம். புகை மணமும் பழ மணமும் முட்டிக்கொள்ளாமல் இடம் விட்டு நிற்கச் செய்வது அதுதான். நன்றாக முதிர்ந்த தானிய விஸ்கிக்கு வெண்ணெயும் வனிலாவும் கலந்த தனி ருசி உண்டு. இதற்கெல்லாம் பொறுப்பாக ஜானி வாக்கரில் நீண்டகாலம் இருந்த ஜிம் பெவரிட்ஜ் 2021 இறுதியில் ஓய்வு பெற, அந்த இடத்துக்கு எம்மா வாக்கர் வந்தார். இருநூறு ஆண்டு வரலாற்றில் அந்தப் பொறுப்பேற்ற முதல் பெண். நிறுவனர் குடும்பத்துக்கும் அவருக்கும் உறவில்லை, பெயர்தான் ஒன்று.

நியாயமான குறைகளும் உண்டு

பிளெண்டட்டைக் கலப்படம் என்பது தவறு. ஆனால் வாங்குபவருக்குத் தெரிய வேண்டிய பலவற்றை அது மறைக்கிறது என்ற குறை நியாயமானது. மால்ட் எத்தனை சதவீதம், தானியம் எத்தனை என்று பெரிய பிராண்டுகள் லேபிளில் சொல்வதில்லை. வழக்கமான பிளெண்டட்டில் தானியம் பாதிக்கு மேல் இருக்கும் என்பதுதான் பொதுவான புரிதல். வயது போடாத பாட்டில்களில் உள்ளே இருப்பது மூன்று வருடமா முப்பது வருடமா என்று அறிய வழியில்லை.

சொல்ல விரும்புபவருக்கும் சட்டம் தடை போடுகிறது என்பது இன்னும் வருத்தமான செய்தி. காம்பஸ் பாக்ஸ் என்ற சிறிய பிளெண்டிங் நிறுவனம் 2015-ல் தன் இரண்டு விஸ்கிகளில் எந்தெந்த வயதுச் சரக்கு எவ்வளவு இருக்கிறது என்று முழுதாக வெளியிட்டது. மிக இளையதன் வயதைத் தவிர வேறு வயதை விளம்பரத்தில் சொல்லக் கூடாது என்ற விதியைக் காட்டி அதை நிறுத்தச் சொன்னார்கள். பொய் வயது போட்டு ஏமாற்றுவதைத் தடுக்க வந்த விதி, உண்மையைச் சொல்வதையும் தடுத்துவிட்டது. இது மாற வேண்டும்.

எதிர்ப்பக்கமும் ஒரு சம்பவம். ஸ்பெயினில் கார்டூ சிங்கிள் மால்ட்டுக்குத் தேவை எகிறியபோது, 2003-ல் டியாஜியோ வேறு ஆலைகளின் மால்ட்டையும் சேர்த்து, ஏறக்குறைய அதே பாட்டிலில், 'பியூர் மால்ட்' என்று விற்றது. போட்டிக் கம்பெனிகள் கொதித்தெழுந்தன, பின்வாங்க வேண்டியதாயிற்று. 2009 விதிகள் பெயர்களை இவ்வளவு கறாராக வரையறுத்ததற்கு அந்தச் சண்டையும் ஒரு காரணம்.

இந்தியாவுக்கு வருவது எது?

2024-ல் ஸ்காட்ச் ஏற்றுமதி சுமார் 540 கோடி பவுண்டு. மதிப்பில் சிங்கிள் மால்ட் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, பாதிக்கு மேல் பிளெண்டட். அளவில் பார்த்தால் பிளெண்டட்டின் பங்கு இன்னும் பெரியது. அதே ஆண்டில் அளவில் முதலிடம் இந்தியாவுக்கு, சுமார் 19 கோடி பாட்டில். அதன் மதிப்பு சுமார் 25 கோடி பவுண்டு மட்டுமே. அமெரிக்கா வாங்கியது சுமார் 13 கோடி பாட்டில், மதிப்பு 97 கோடி பவுண்டு. நம் பாட்டிலின் சராசரி விலை ஏன் இவ்வளவு குறைவு?

காரணம், இந்தியாவுக்கு வருவதில் பெரும்பகுதி பாட்டிலிலேயே வருவதில்லை. மொத்தமாகக் கொள்கலனில் வருகிறது, பாட்டில் எண்ணிக்கை கணக்குக்காகப் போடப்படுவது. 2012 இறுதியிலிருந்து சிங்கிள் மால்ட்டை ஸ்காட்லாந்திலேயே பாட்டிலில் அடைத்தாக வேண்டும். பிளெண்டட் ஸ்காட்சுக்கும் பிளெண்டட் மால்ட்டுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் வரும் சரக்கு இரண்டு வழிகளில் போகிறது.

1. இந்தியாவில் பாட்டிலில் அடைக்கப்படும் ஸ்காட்ச். டீச்சர்ஸ், 100 பைப்பர்ஸ், பிளாக் டாக், வேட் 69, பிளாக் அண்ட் ஒயிட் போன்றவை. உள்ளே இருப்பது ஸ்காட்லாந்தில் வடித்து முதிர்ந்த பிளெண்டட்தான்.

2. இந்திய விஸ்கியில் சேர்மானம். ராயல் ஸ்டாக், பிளெண்டர்ஸ் பிரைடு போன்றவற்றில் ஸ்காட்ச் மால்ட் ஒரு பங்கு, மீதி இந்திய ஸ்பிரிட். இவை ஸ்காட்ச் அல்ல, அப்படிச் சொல்லிக்கொள்வதும் இல்லை. இந்திய விஸ்கிகளில் பலவற்றுக்குக் கரும்பாலையின் மொலாசஸ் ஸ்பிரிட்தான் அடிப்படை. ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று விற்க முடியாது, அங்கே தானியத்திலிருந்து வந்தால்தான் விஸ்கி.

இங்கேதான் நம் ஊரில் குழப்பம் தொடங்குகிறது. ஸ்காட்லாந்தின் பிளெண்டட்டும், லேபிளில் 'பிளெண்டட்' என்று வரும் இந்திய விஸ்கியும் ஒரே அலமாரியில் நிற்கின்றன. ஒரே சொல் இரண்டு வேறு பொருள்களுக்குப் பயன்படுகிறது. லேபிளில் 'பிளெண்டட் ஸ்காட்ச் விஸ்கி' என்ற மூன்று சொல்லும் சேர்ந்து இருக்கிறதா, 'ஸ்காட்ச் மால்ட் சேர்த்தது' என்ற மாதிரி இருக்கிறதா என்று பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். இந்தியாவிலும் ஸ்காட்ச் புவிசார் குறியீடு பெற்ற பெயர்.

வரி குறைவதன் பலனும் இந்த இரண்டு வழிகளில்தான் அதிகம் பாயும். மொத்தச் சரக்கு மலிவானால் இங்கே அடைக்கும் ஸ்காட்சுக்கும், அதைச் சேர்மானமாக வாங்கும் இந்தியக் கம்பெனிகளுக்கும் செலவு குறையும். கடை விலை அதே விகிதத்தில் குறையும் என்று எதிர்பார்க்க முடியாது. சுங்க வரி இறக்குமதி மதிப்பின் மேல் விழுவது. அதற்கு மேல் மாநில ஆயத்தீர்வை, விற்பனை வரி, விநியோகச் செலவு எல்லாம் ஏறிய பிறகே கடை விலை. மது ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு கணக்கு, தமிழ்நாட்டில் சில்லறை விற்பனையே டாஸ்மாக் கையில். ஒப்பந்தத்தில் போட்ட கையெழுத்து கடை விலையில் எவ்வளவு தெரியும் என்பதை அந்தந்த மாநிலத்தின் வரிதான் தீர்மானிக்கும்.